கோழித் தலை யாரைப் பார்க்கிறது?

சாந்தகுமாரியிடம் ஒரு வேலையைச் சொன்னால் செய்துவிடுவாள். ஆனால் "ஏன்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வாள். பெங்களூர் தொம்மலூரில் அவளைத் தெரிந்தவர்கள் இதைக் கெட்ட பழக்கம் என்றே சொல்வார்கள். வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் ஏன் என்று கேட்பாள். பதில் நியாயமாக இருந்தால் நகத்தை விட்டுவிடுவாள். இல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்து வெட்டிக்கொள்வாள். அவளுடைய அப்பா ராணுவ மெஸ் ஒன்றில் பரிமாறும் வேலை பார்த்தவர், பௌத்தர். புத்தர் சொன்னார் என்பதற்காகக்கூட எதையும் நம்ப வேண்டாம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார். மற்ற அப்பாக்கள் பெண்ணுக்கு நகை சேர்த்தார்கள். இவர் சேர்த்துவைத்தது இதுதான்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. புருஷன் பச்சைமுத்துவுக்குச் சிவாஜி நகரில் ஒரு பைண்டிங் கடையில் வேலை. ஒரே மகள் இளவேனில். பதினான்கு வருஷம் சாந்தகுமாரி இந்திரா நகர் வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அந்த வீடுகளில் அவளுக்குப் பின்வாசல். காபி கொடுத்தால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் தனி டம்ளரில், கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஏன் என்று மூன்று வீடுகளில் கேட்டாள். மூன்று வீடுகளிலும் வேலை போனது.

2002ஆம் வருஷக் கடைசியில், ஒரு காண்ட்ராக்ட்காரர் மூலமாக, ஏர்போர்ட் ரோட்டுக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் நான்காவது மாடியில் வேலை கிடைத்தது. டெலிபோன் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிற சீனக் கம்பெனி. நூற்றுக்கு மேல் நம் ஊர்ப் பிள்ளைகள், முப்பது சீனர்கள். அவளுக்கும் லட்சுமம்மா என்ற கன்னடக்காரப் பெண்ணுக்கும் பேன்ட்ரியில் டீ, காபி போட்டுக் கொடுக்கிற வேலை. முதல் நாள் முன்வாசல் வழியாக, கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டையோடு உள்ளே போனாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அரிசி களைகிற வரை அந்த அட்டையைக் கழற்றவில்லை.

சீனர்களுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிற சின்ன அடுக்களை ஒன்று பேன்ட்ரியை ஒட்டியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் மேரி லியாங். சீன முகம், லிங்கராஜபுரத்துத் தமிழ். ஷில்லாங்கில் பிறந்தவள். அப்பா அங்கே செருப்புக் கடை வைத்திருந்தார். 1962இல் சீனாவோடு சண்டை வந்ததும், எட்டு வயது மேரியையும் சேர்த்துக் குடும்பத்தையே ரயிலில் ஏற்றி, ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்துவிட்டார்கள். மூன்று வருஷம். அவர்கள் செய்த குற்றம் கண்ணும் மூக்கும். வெளியே வந்தபோது கடை இல்லை. பெங்களூருக்கு வந்து, பியூட்டி பார்லரில் முடி வெட்டி, தெருவில் தமிழ் கற்று, இப்போது இங்கே சமைக்கிறாள். வீட்டில் பேசுவது ஹக்கா என்ற சீனக் கிளைமொழி. ஆபீஸ்காரர்களோடு பேசுகிற சீனத்தை ஓட்டி ஓட்டிப் பழகியிருந்தாள்.

சாந்தகுமாரியின் முதல் தப்பு டீயில் நடந்தது. சீனாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவருக்கு, பால் இல்லாத அந்தப் பச்சை டீயை, கப்பின் விளிம்பு வரை, தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தாள். மரியாதைக்குத்தான். வந்தவர் கப்பைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த சென் என்பவரைப் பார்த்தார். அவர்தான் அந்த ஆபீசுக்குத் தலைவர். சென் சிரித்து ஏதோ சமாளித்தார்.

"எழுந்து போய்யான்னு சொல்லிட்டு வந்திருக்கே நீ," என்றாள் மேரி.

"நான் வாயே தொறக்கலையே மேரிக்கா."

"கப்பு சொல்லிச்சு. ரொம்ப ரொப்பினா, குடிச்சிட்டு கெளம்புன்னு அர்த்தம். முக்கால் கப்பு ஊத்தணும்."

"ஏன்?"

"கைப்பிடி இல்லாத கப்பு பாரு. கழுத்து வரைக்கும் சுடு தண்ணி இருந்தா விருந்தாளி எங்க புடிப்பான்? வெரல் வெந்துபோவும்."

சாந்தகுமாரி அந்தக் கப்பை எடுத்து, சுடுதண்ணீர் ஊற்றி, பிடித்துப் பார்த்தாள். முக்கால் வரை ஊற்றினால் மேல் விளிம்பு சுடவில்லை. "நியாயம்தான்," என்றாள். "எங்க பக்கம் குறைச்சு ஊத்தினா கஞ்சப்பயன்னுவாங்க."

அன்றிலிருந்து அவளுக்கு இது ஒரு வேட்டையாகவே ஆகிவிட்டது. அவர்கள் செய்கிற ஒவ்வொன்றையும் பார்ப்பாள். மேரியிடம் கேட்பாள். டீ ஊற்றும்போது ஏன் இரண்டு விரலால் மேஜையைத் தட்டுகிறார்கள்? பேச்சை நிறுத்தாமல் நன்றி சொல்வதற்கு. சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளை ஏன் நட்டு வைக்கக் கூடாது? செத்தவர்களுக்கு ஊதுவத்தி அப்படித்தான் நடுவார்கள். மீனைத் திருப்பிப் போடாமல், மேல்பக்கம் தீர்ந்ததும் முள்ளை உருவிவிட்டுக் கீழ்ப்பக்கம் தின்கிறார்களே, ஏன்? கடலுக்குப் போகிறவர்களின் பயம், மீன் கவிழ்ந்தால் படகு கவிழும் என்று. முதலாவது பிரமாதம் என்றாள். இரண்டாவது யாருக்கும் கெடுதல் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். மூன்றாவதைக் கேட்டுவிட்டு, "மீன் கவுந்தா படகு எப்படிக்கா கவுழும்?" என்றாள்.

"எனக்கென்னடி தெரியும், நான் படகுல போனதே இல்ல."

வீட்டில் இவள் அளப்பதைக் கேட்டுப் பச்சைமுத்து சிரிப்பார். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை மகளிடம் இரண்டு கையாலும் நீட்டினாள். பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த இளவேனில், "என்னம்மா, அவார்டு குடுக்கறியா?" என்றாள்.

"அங்க எதைக் குடுத்தாலும் ரெண்டு கையாலதான் குடுக்கறாங்க. விசிட்டிங் கார்டுகூட. வாங்கறவங்களும் ரெண்டு கையால வாங்கி, படிச்சுப் பார்த்துட்டுத்தான் உள்ள வெக்கறாங்க."

"பெரியவங்களுக்கு மட்டும் அப்படிக் குடுப்பாங்களா இருக்கும்," என்றார் பச்சைமுத்து. "நமக்கு?"

அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது. ஒரு வழக்கத்தை அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். அது கீழே இருப்பவனை எப்படி நடத்துகிறது என்பதுதான் அவளுக்கு முக்கியம்.

ஒரு மத்தியானம் பதில் கிடைத்தது. ஊரிலிருந்து புது டீ வந்திருந்தது. சென் தானே பேன்ட்ரிக்கு வந்து, சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணங்களில் ஊற்றி, அங்கே நின்றவர்களுக்கெல்லாம் ருசி பார்க்கக் கொடுத்தார். இரண்டு எஞ்சினியர்கள், மேரி. அடுத்த கிண்ணத்தைச் சாந்தகுமாரியிடம் நீட்டினார். இரண்டு கையாலும். லேசாகத் தலையும் குனிந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவளுக்கு மேலே இருந்த ஒரு மனிதன் அவளிடம் அப்படி எதையும் கொடுத்ததில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். புல் வாசனை அடித்தது. நன்றாகத்தான் இருந்தது.

அப்போது கதவருகே நின்றவர் சுந்தரராமன். நிர்வாக அதிகாரி. யாருக்கு எந்த நாற்காலி, எந்தக் கழிப்பறை, எந்தக் கப் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பேன்ட்ரிப் பெண்களுக்குப் பிளாஸ்டிக் டம்ளர் என்பதும், அது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட விதிகள். சாயங்காலம் குப்பைத் தொட்டியில் அந்தப் பீங்கான் கிண்ணம் கிடந்தது. உடைந்திருக்கவில்லை.

"இது ஏன் சார் இங்க கிடக்கு?" என்று கேட்டாள்.

"ஹைஜீன்மா," என்றார் சுந்தரராமன்.

"மேரிக்கா குடிச்ச கிண்ணம் அலமாரியில இருக்கே சார்."

அவர் திரும்பித் தன் அறைக்குப் போனார். அழுக்கு அதே பழைய அழுக்குதான், பெயர் மட்டும் ஏர்கண்டிஷன் அறைக்கு ஏற்ற மாதிரி மாறியிருந்தது. அன்றிலிருந்து அவர் அவளைப் பார்க்கிற பார்வையும் மாறியது.

அடுத்த வருஷம் டிசம்பரில் அவர் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "செலவைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க. பேன்ட்ரிக்கு ஒரு ஆள் போதும். சீனப் புது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் போகணும். யாருன்னு நான் அப்புறம் சொல்றேன்."

லட்சுமம்மா அழுதாள். சாந்தகுமாரிக்கு அழுகை வரவில்லை. இந்திரா நகரின் பின்வாசல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. இளவேனில் இன்னும் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். அம்மா ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்று காலேஜில் சொல்லி வைத்திருக்கிறாள்.

"யாரு குறைக்கச் சொன்னது சார்? சென் சாரா?"

"மேலேயிருந்து," என்றார் அவர். மேலே என்றால் எது வரை என்று அவர் சொல்லவில்லை.

ஜனவரி பிறந்தது. ஒரு காலை மேரி முழுக் கோழிகளுக்கு மசாலா தடவிக்கொண்டே கதை சொன்னாள். சென் ஃபூஜியான் மாகாணத்து ஷியாமென் நகரத்துக்காரர். அந்தப் பக்கம் வருஷக் கடைசியில் முதலாளி வேலைக்காரர்களுக்கெல்லாம் விருந்து வைக்க வேண்டும். அன்றைக்கு அவர்தான் பரிமாறுவார், அவர்தான் ஊற்றிக் கொடுப்பார். இங்கேயும் வருகிற சனிக்கிழமை மதியம், ஒரு ஓட்டல் ஹாலில் அந்த விருந்து.

"இதே மாதிரி கோழி அங்கயும் வரும். தலையோட. அதுல ஒரு வெஷயம் இருக்கு," என்றாள் மேரி. "அந்தக் காலத்துல, கோழித் தலை எவன் பக்கமா இருக்கோ, அவனுக்கு அதோட வேலை இல்லன்னு அர்த்தம். முதலாளி வாயால சொல்ல மாட்டான். தட்டைத் திருப்பி வெச்சிருவான். அவன் சாப்ட்டு முடிச்சி, மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போவணும்."

"செத்த கோழியை விட்டா சொல்ல வைப்பாங்க?"

"எல்லார் முன்னாடியும் வாயால சொன்னா அவனுக்கு மொகம் போயிரும்ல, மானம் போற மாதிரி."

"தலை அவன் பக்கம் இருக்கறதை எல்லாரும் பார்க்கறாங்களே. அப்ப மட்டும் மொகம் போவாதா? இல்ல, முதலாளி மொகம் போவக் கூடாதுன்னா?"

மேரி யோசித்தாள். "அதுவும் சரிதான்டி."

அடுக்களை வாசலில் யாரோ செருமினார்கள். சுந்தரராமன், தன் பில்டர் காபிக்காக நின்றுகொண்டிருந்தார். கோழிகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி லட்சுமம்மாவிடமிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகுதான் மேரி மீதிக் கதையைச் சொன்னாள்.

"இப்பல்லாம் யாரும் அப்படிச் செய்யறதில்ல. நல்ல முதலாளியா இருந்தா தலையைத் தன் பக்கமாவே திருப்பி வெச்சிக்குவான். அப்படின்னா, இந்த வருஷம் யாரையும் அனுப்பல, எல்லாரும் பயமில்லாம சாப்புடுங்கன்னு அர்த்தம். எல்லார் முன்னாடியும் வெச்சிட்டான்னா அப்புறம் மாத்த முடியாது. மாத்தினா அவன் ஊர்ல அவனை மனுஷன்னு மதிக்க மாட்டாங்க."

"மாத்தவே முடியாதா?"

"முடியாது. ஏன்டி?"

"சும்மாத்தான் கேட்டேன்," என்றாள் சாந்தகுமாரி. உண்மையிலேயே அப்போது சும்மாத்தான் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. வேலைக்காரர்களில் ஒருவராவது தன் மேஜையில் உட்கார வேண்டும், அதுதான் இந்த விருந்துக்கு முறை என்று சென் சொல்லிவிட்டாராம். சுந்தரராமன் பேன்ட்ரிக்கு வந்து, சிரித்த முகத்தோடு, "சாந்தகுமாரி, நாளைக்கு நீ சார் மேஜையில உட்காரு," என்றார்.

"லட்சுமம்மாதானே சார் வயசுல பெரியவங்க?"

"உனக்குத்தான் அவங்க வழக்கமெல்லாம் தெரியும். உட்காரு."

கிண்ணத்தைக் குப்பையில் போட்ட மனிதன் நாற்காலி கொடுக்கிறான். ஏன்? அன்று பூராவும் அவளுக்கு அதுதான் யோசனை.

மறுநாள் ஹாலுக்குள் நுழையும்போதே மேரி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள். "கேளு. சுந்தரராமன் காலைல எங்கிட்ட வந்தான். கோழியை வெக்கும்போது தலையை வாசல் பக்கத்து நாற்காலிக்கு நேரா வெய்யின்னான். நான் முடியாதுன்னுட்டேன். அவன் போயி பரிமாறற பையன்கிட்ட சொல்லிட்டு வந்துட்டான். வாசல் பக்கத்து நாற்காலி யாரோடது தெரியுமா?"

"என்னோடதா?"

"உன்னோடதுதான். அவங்க வழக்கப்படியே நாசூக்கா முடிச்சிடலாம், நாம வாயால சொல்ல வேணாம்னு என்கிட்டயே சொல்றான். வயித்து வலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போடி. நான் பார்த்துக்கறேன்."

சாந்தகுமாரி ஹாலைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு வட்ட மேஜைகள். கடைசி மேஜையில் லட்சுமம்மா, புதுப் புடவையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும், இல்லக்கா?" என்றாள்.

"ஆமா. மீதியைக் கேக்காமப் போயிட்டானே."

"அப்ப நான் உட்காரறேன்."

வட்ட மேஜைக்கு மேல்தலை கீழ்தலை இருக்காது என்று அவள் நினைத்திருந்தாள். இருந்தது. வாசலைப் பார்த்தபடி எதிர்க்கோடியில் இருப்பது பெரிய இடம், அதில் சென். அங்கிருந்து இரண்டு பக்கமும் பதவி இறங்கி இறங்கி வந்து, வாசலுக்கு முதுகு காட்டுகிற நாற்காலியில் முடிந்தது. அதில் அவள். இவர்களிடமும் படி இருக்கிறது, வட்டமாக வளைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். சென்னுக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க மேரி. மூன்று சீன மேலாளர்கள். கிஷோர் என்ற இளைஞனோடு சேர்த்து மூன்று எஞ்சினியர்கள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளிச் சுந்தரராமன், தனக்கென்று வரவழைத்த காளான் தட்டோடு.

மேஜை நடுவில் ஒரு பெரிய கண்ணாடி வட்டம், தொட்டால் சுழல்கிற மாதிரி. அதன் மேல்தான் எல்லாத் தட்டுகளும். சென் எழுந்து ஒவ்வொருவராக வந்து ஊற்றினார். இவளிடம் வந்தபோது ஆரஞ்சுச் சாறு ஊற்றி, தன் கிளாஸை அவளுடையதோடு மோதினார். மோதும்போது அவர் தன் கிளாஸைச் சற்றுத் தாழ்த்தினார். மரியாதை காட்டுகிறவன் தாழ்த்த வேண்டும் என்று மேரி சொல்லியிருந்தாள். இவளும் தாழ்த்தினாள். அவர் இன்னும் தாழ்த்தினார். இவளும் விடவில்லை. கடைசியில் இரண்டு கிளாஸும் மேஜையைத் தொட்டு நின்றன. கிஷோர் வாய்விட்டுச் சிரித்தான்.

பிறகு கோழி வந்தது. பொன்னிறமாக வறுபட்டு, முழுசாக, தலை கொண்டையோடு நிமிர்ந்திருந்தது. பரிமாறுகிற பையன் தட்டை வைத்தான். சரி பார்த்துக் கொஞ்சம் திருப்பினான். அலகு நேராகச் சாந்தகுமாரியைப் பார்த்தது.

மூன்று சீன மேலாளர்களின் பேச்சும் ஒரே சமயத்தில் நின்றது. ஒருவர் தன் கிண்ணத்தையே பார்த்தார். சென்னின் முகம் சிவந்தது. மேரி கண்ணை மூடிக்கொண்டாள். எஞ்சினியர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்தது. சுந்தரராமன் ஒரு காளானை மிகுந்த கவனத்தோடு இரண்டாக நறுக்கினார்.

சாந்தகுமாரி அந்தக் கோழியைப் பார்த்தாள். பதினான்கு வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பிய வீடுகளெல்லாம் இப்படித்தான் அனுப்பின. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒருத்தியும் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. டம்ளர் இருந்த இடத்தில் டம்ளர் இருக்காது. அவ்வளவுதான்.

கையை நீட்டிக் கண்ணாடி வட்டத்தின் விளிம்பில் வைத்தாள். சுழற்றினாள்.

மெதுவாகத்தான் சுழற்றினாள். அலகு முதலில் ஒரு எஞ்சினியர் பக்கம் போனது. அவன் எதற்கென்று தெரியாமலே பின்னால் சாய்ந்தான். அடுத்தது சுந்தரராமன். தலை அவருக்கு நேராக வந்தபோது அவள் கை ஒரு கணம் நின்றது. அங்கேயே விட்டுவிடலாம். இந்த மேஜையில் இதற்கு அர்த்தம் தெரிந்தவர்களில் ஒருவர்கூட அவளைத் தப்பு சொல்ல மாட்டார்கள். சுந்தரராமன் கோழியின் கண்ணை மிக அருகில் பார்த்தார். ஒருவேளை வாழ்க்கையில் முதல் தடவையாக. கத்தியைக் கீழே வைத்தார்.

அவரிடம் விட்டால், கோழியை வைத்து ஒரு ஆளை அனுப்புவது சரி என்று ஆகிவிடும். அவள் மறுபடி சுழற்றினாள். தலை கிஷோரைத் தாண்டியது, இரண்டு மேலாளர்களைத் தாண்டியது, சென்னுக்கு நேராக வந்து நின்றது. அவள் கையை எடுத்தாள்.

ஒரு மேலாளர் சீனத்தில் ஏதோ கடுமையாகத் தொடங்கினார். சென் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு மேரியிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

"உனக்கு இதோட அர்த்தம் தெரியுமான்னு கேக்கறாரு," என்றாள் மேரி.

"தெரியும்னு சொல்லுங்க. பாதி இல்ல, முழுசாத் தெரியும்னு சொல்லுங்க."

மேரி சொன்னாள். சென் சாந்தகுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யார் பக்கமும் திரும்பாமல் ஒரு கேள்வி கேட்டார். அதை மேரி ஆங்கிலத்தில் சுந்தரராமனிடம் சொன்னாள்: யாரையாவது அனுப்புவதாக இருக்கிறதா?

"அது காண்ட்ராக்டர் விஷயம் சார்," என்றார் சுந்தரராமன். "ஒரு சின்ன சிக்கனம். உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்னு..."

அப்போதுதான் சாந்தகுமாரிக்கு அந்த 'மேலே' எவ்வளவு உயரம் என்று தெரிந்தது. இரண்டு நாற்காலி தள்ளி.

சென் எழுந்தார். குச்சிகளால் கோழித் தலையைக் கொய்து தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார். மற்ற மேஜைகளும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக ஏதோ சொன்னார். சீனர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அவர்கள் தட்டுவதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். சுந்தரராமனும் தட்டினார்.

"இந்த வருஷம் இங்கேர்ந்து யாரும் போவ மாட்டாங்களாம்," என்றாள் மேரி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முடிஞ்சிதுடி. சாப்புடு."

சாந்தகுமாரி சாப்பிடவில்லை. "மேரிக்கா, அதை எழுதிக் குடுப்பாரான்னு கேளுங்க."

"ஐயோ. சும்னே இருக்க மாட்டியா நீ? அந்த ஆளு அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டாரு. எழுதிக் கேட்டா அவரை நம்பலன்னு ஆயிரும்."

"அவரை நம்பறேன். அவரு திங்கட்கிழமை பேன்ட்ரிக்கு வந்து நிக்கப் போறாரா? காண்ட்ராக்டர்கிட்ட நான் என்னத்தைக் காட்டுவேன், கோழி எலும்பையா?"

மேரி பெருமூச்சு விட்டுச் சென்னிடம் திரும்பினாள். எவ்வளவு சொன்னாள், எவ்வளவு மென்மையாக்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். நீளமாகச் சொன்னாள். சென் கேட்டுவிட்டுத் தன் கிண்ணத்தில் கிடந்த கோழித் தலையைப் பார்த்தார். பிறகு பலமாகச் சிரித்துவிட்டு, சட்டைப் பையில் பேனா தேடினார். இல்லை. சுந்தரராமன் அவசரமாகத் தன் பேனாவை நீட்டினார். சிவப்புப் பேனா, அவர் வருகைப் பதிவேட்டில் வராதவர்களைச் சுழிப்பது. சென் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அதால ஆளுங்க பேரை எழுதக் கூடாது," என்று மேரி சுந்தரராமனிடம் சொன்னாள். "செத்தவங்க பேரைத்தான் செவப்புல எழுதுவோம்."

கிஷோர் தன் நீலப் பேனாவைக் கொடுத்தான். உணவுப் பட்டியல் அட்டையின் பின்பக்கத்தில் சென் எழுதத் தொடங்கினார். சாந்தகுமாரி எட்டிப் பார்த்தாள்.

"மேரிக்கா, சீனத்துல எழுதறாரு. இங்கிலீஷ்ல எழுதச் சொல்லுங்க. எனக்குப் படிக்கத் தெரியணும்."

இந்தத் தடவை சென்னுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அட்டையைத் திருப்பிப் பிடித்து, சீன எழுத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, கண்ணாடி வட்டத்தில் வைத்துச் சுழற்றிவிட்டார். அட்டை கோழியோடும் மீனோடும் சுற்றி அவளிடம் வந்தது.

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தால் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். மேஜையில் எல்லாரும் காத்திருந்தார்கள். பேன்ட்ரி ஊழியர் சாந்தகுமாரி இந்த வருஷம் முழுவதும் வேலையில் தொடர்வார். கையெழுத்து, தேதி.

"லட்சுமம்மா பேரு இல்லையே," என்றாள்.

சுந்தரராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சென் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். சாந்தகுமாரி அட்டையைக் கண்ணாடியின் மேல் வைத்து, வந்த வழியே திருப்பிச் சுழற்றினாள். அது போய், இன்னொரு பெயரோடு மறுபடி வந்தது. பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. அதை அவளே கிஷோரின் பேனாவை வாங்கித் திருத்தினாள்.

பிறகு எழுந்து, கடைசி மேஜைக்குப் போய், அட்டையை லட்சுமம்மாவிடம் காட்டி, கன்னடத்தில் படித்துச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது கோழியில் ஒரு கால் மட்டும் மிச்சம் இருந்தது. அவளுக்காகவே யாரோ விட்டு வைத்திருந்தார்கள். கையாலேயே எடுத்துச் சாப்பிட்டாள்.